நாய்க்குத் தாங்க முடியாத அரிப்பு: வீட்டிலுள்ள அலர்ஜி மாத்திரையைக் கொடுக்கலாமா?

பாளைவாசி | இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நாய் மணி நான்கு நாட்களாக உறங்காமல் சொறிந்துகொண்டே இருக்கிறது. நேற்றிலிருந்து காதோரத்தில் முடி கொட்டித் தோல் சிவந்துவிட்டது. மருத்துவரிடம் நாளை மறுநாள்தான் அழைத்துச் செல்ல முடியும். வீட்டில் அலர்ஜி மாத்திரை ஓர் அட்டை மீதி இருக்கிறது. மனிதர்களுக்கான இந்த மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா, கொடுப்பதானால் அரையா, முழுதா என்று தெரிந்தவர்கள் உடனே சொன்னால் பேருதவியாக இருக்கும். அது இரவெல்லாம் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சொறிவதைக் கேட்டுக்கொண்டு எங்களால் படுத்திருக்க முடியவில்லை.

கோவை மருந்தாளுநர் | இரவு 9.20

ஐயா, அலர்ஜி மாத்திரை என்று தனியாக ஒரே மருந்து கிடையாது. அட்டையின் பின்புறத்தில், கடைப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை அப்படியே எழுதுங்கள். செட்ரிசின் 10 மி.கி. என்று ஒரே ஒரு பெயர் இருந்தால் அது ஒரு வகை. அதனுடன் பாராசிட்டமாலோ பினைலெஃப்ரினோ சேர்ந்திருந்தால் அது முற்றிலும் வேறு வகை, அதை நாயின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. நாயின் எடை என்ன? வயது என்ன? வலிப்பு வந்ததுண்டா? வேறு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா?

லாப்ரடார் வீடு | இரவு 9.26

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. எங்கள் லாப்ரடாருக்குப் போன ஆண்டு இதே போல் அரிப்பு வந்தபோது வீட்டில் இருந்த சளி மாத்திரையைப் பாதி கொடுத்தேன், அது நிம்மதியாகத் தூங்கியது. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மருந்துதான்.

மூத்த வளர்ப்பாளர் | இரவு 9.41

இந்தக் கேள்வி இங்கே மாதந்தோறும் வருகிறது. பழைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். எடையைச் சொல்லாமல் மருந்தின் அளவைக் கேட்பது, உடம்பளவு கொடுக்காமல் தையற்காரரிடம் சட்டை கேட்பதற்கு ஒப்பானது. முப்பது ஆண்டுகளாக நாய் வளர்க்கிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன், முதலில் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

லாப்ரடார் வீட்டாருக்கு ஒரு சொல். உங்கள் நாய் பிழைத்தது அதன் நல்வினை. சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் பினைலெஃப்ரினும் சூடோஎஃபெட்ரினும் நாயின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். சூடோஎஃபெட்ரின் ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. அளவைத் தாண்டினால் உயிரே போகக்கூடும். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே ஒரு மாத்திரை எமனாகும். ‘நான் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பதை நம்பி அடுத்தவர் நாய்க்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

நியூஜெர்சித் தமிழன் | இரவு 9.48

நாங்கள் இங்கே பெனாட்ரில் மாத்திரை வைத்திருப்போம். எங்கள் நாயை ஒருமுறை குளவி கொட்டியபோது, தொலைபேசியில் கேட்டவுடன் கால்நடை மருத்துவர் அதைத்தான் கொடுக்கச் சொன்னார். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2 மி.கி. என்பது அவர் சொன்ன கணக்கு. அது கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள்.

கோவை மருந்தாளுநர் | இரவு 9.55

நண்பரே, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இந்த ஓர் அறிவுரையால் எங்கள் ஊரில் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே அந்தப் பெயரில் விற்பது டைபென்ஹைட்ரமின் மட்டுமே உள்ள 25 மி.கி. மாத்திரை. இங்கே அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது இருமல் மருந்துப் புட்டி. அதில் டைபென்ஹைட்ரமினுடன் அமோனியம் குளோரைடு போன்றவையும் கலந்திருக்கும். பெயர் ஒன்று, பொருள் வேறு.

நீர்ம மருந்துகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரை இல்லாதது என்று எழுதியுள்ள சில மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்ப்பார்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அந்தப் பொருள், நாயின் உடலில் இன்சுலினைப் பெருகச் செய்து, அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையைப் படுகுழிக்குத் தள்ளிவிடும். அளவு கூடினால் கல்லீரலையும் அழிக்கும்.

பாளைவாசி ஐயா, அட்டையின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது?

பாளைவாசி | இரவு 10.07

மன்னிக்கவும். மணி நாட்டு நாய், மூன்று வயது, ஆண். எடை போட்டுப் பார்த்ததில்லை. முழங்கால் உயரம் இருக்கும். வலிப்பு எதுவும் வந்ததில்லை. அட்டையில் லெவோசெட்ரிசின் 5 மி.கி., மான்டெலுகாஸ்ட் 10 மி.கி. என்று இருக்கிறது. அது படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், ஒன்பதே முக்காலுக்கு அரை மாத்திரையைத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது இதையெல்லாம் படித்த பிறகு கை நடுங்குகிறது.

கோவை மருந்தாளுநர் | இரவு 10.13

பதற வேண்டாம். லெவோசெட்ரிசின் 5 மி.கி. என்பது செட்ரிசின் 10 மி.கி. அளவுக்குச் சமம், நீங்கள் கொடுத்த பாதி, செட்ரிசின் 5 மி.கி. போன்றது. கால்நடை மருத்துவர்கள் நாய்க்குச் செட்ரிசின் எழுதும்போது ஒரு கிலோவுக்கு 1 மி.கி. வீதம், நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கைப் பெரும்பாலும் வைத்துக்கொள்கிறார்கள். முழங்கால் உயரமுள்ள நாட்டு நாய்க்கு இது அந்த அளவைக் காட்டிலும் குறைவாகத்தான் இருக்கும். மான்டெலுகாஸ்ட் அந்த அளவில் தீங்கு செய்யாது, ஆனால் நாயின் அரிப்புக்கு அதனால் பயனும் இல்லை.

இன்றிரவு கவனித்துக்கொள்ளுங்கள். சற்றே மயங்கிப் படுத்தால் அது எதிர்பார்க்கத்தக்கதுதான். அதற்கு மாறாக நிலைகொள்ளாமல் அலைந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தாலோ, உடம்பு உதறினாலோ காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை இரண்டாவது முறை கொடுக்காதீர்கள். எடை தெரிய வேண்டுமானால், நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொள்ளுங்கள்.

கம்பம் விவசாயி | இரவு 10.30

எங்கள் தோட்டத்தில் எப்போதும் நான்கைந்து நாய்கள் உண்டு. அவற்றுக்கு அரிப்பு வருவதெல்லாம் உடற்சூட்டினால்தான். கோழிக்கறியை நிறுத்தி, புங்க எண்ணெயும் வேப்பெண்ணெயும் கலந்து, ஒரு கட்டி கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுத் தடவி வெயிலில் கட்டினால் பத்து நாளில் முடி வந்துவிடும். என் தகப்பனார் காலத்தில் நாட்டு நாய்க்கு மாத்திரை கொடுத்தவர் யாரும் இல்லை.

மூத்த வளர்ப்பாளர் | இரவு 10.44

உங்கள் தகப்பனார் காலத்தில் எத்தனை நாய்கள் சொறி பிடித்துச் செத்தன என்றும் யாரும் எண்ணவில்லை. நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. கற்பூரத்தை நக்கினால் வாந்தியும் வலிப்பும் வரும். இதே நம்பிக்கையில் பழைய என்ஜின் ஆயிலைப் பூசியவர்களையும், பினாயிலை ஊற்றிக் குளிப்பாட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உடற்சூடு என்ற ஒரு நோய் எந்தக் கால்நடை நூலிலும் இல்லை.

கம்பம் விவசாயி | இரவு 10.58

என்ஜின் ஆயிலை நான் சொல்லவில்லை, அது கொடுமை. கற்பூரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், இனிப் போட மாட்டேன். ஆனால் கோழிக்கறியை நிறுத்தியதும் எங்கள் கறுப்பனுக்கு அரிப்பு நின்றதை என் கண்ணால் கண்டேன். கண்டதைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது?

நியூஜெர்சித் தமிழன் | இரவு 11.06

அவர் கண்டது உண்மையாகவே இருக்கலாம், அதற்குப் பெயர்தான் வேறு. மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை நாய்களுக்கு உணவு ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களில் முன்னணியில் இருப்பவை. அப்படிப் பார்த்தால் கோழியைக் குற்றம் சொல்லும் நாம், தயிர்சாதத்தைக் குளிர்ச்சி என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் தவறாகலாம்.

லாப்ரடார் வீடு | இரவு 11.11

தயிர்சாதம் சாப்பிட்டு எங்கள் வீட்டில் பதினான்கு வயது வரை வாழ்ந்த நாய் இருந்தது. தயிரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மூத்த வளர்ப்பாளர் | இரவு 11.19

உணவுதான் காரணமா என்று அறிய, அதுவரை உண்ணாத ஒரே வகைப் புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்து, அரிப்பு அடங்கிய பின் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பத்து நாளில் தெரிந்துவிட்டது என்பதெல்லாம் வெறும் ஊகம். தயிருக்கும் இது பொருந்தும், கோழிக்கும் இது பொருந்தும்.

நாமக்கல் கால்நடை மாணவி | இரவு 11.32

எல்லோருக்கும் வணக்கம். நான் இறுதியாண்டு மாணவி, இன்னும் மருத்துவர் ஆகவில்லை. ஆகவே இதை மருத்துவரின் சொல்லாகக் கொள்ளாமல் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாகக் கொள்ளுங்கள்.

மாத்திரையின் அளவைப் பற்றி இங்கே சொன்னவை சரியானவை. ஆனால் சரியான அளவில் கொடுத்தாலும் அந்த மாத்திரை பெரும்பாலான நாய்களின் அரிப்பை அடக்காது. நமக்குத் தடிப்பும் தும்மலும் வருவதில் ஹிஸ்டமின் பெரும்பங்கு வகிப்பதால், அதைத் தடுக்கும் மருந்து நமக்கு உடனே வேலை செய்கிறது. நாயின் தோல் ஒவ்வாமையிலோ இன்டர்லூக்கின்-31 என்ற வேறொரு பொருள்தான் அரிப்பு நரம்புகளைத் தூண்டுகிறது. அதன் வழியைத் தடுக்கும் ஒக்லாசிடினிப் என்ற மாத்திரை 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் மருத்துவர் எழுதித் தந்தால்தான், ஒரு வயது நிரம்பிய நாய்க்குத்தான். செட்ரிசின் கொடுத்ததும் நாய் தூங்குவதைப் பார்த்து அரிப்பு நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது வெறும் மயக்கம்தான். விழித்ததும் மீண்டும் சொறியும்.

பாளைவாசி அண்ணா, உங்களிடம் மூன்று கேள்விகள். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கின்றனவா? காதோரத்தைத் தவிர முழங்கையிலும் கணுக்காலிலும் முடி கொட்டியிருக்கிறதா? அந்த மாத்திரை அட்டை உங்கள் வீட்டில் யாருக்காக வாங்கியது?

பாளைவாசி | இரவு 11.50

உண்ணியை நான் பார்க்கவில்லை. இரண்டு முன்னங்கால் முட்டியிலும் வழுக்கையாகச் சொரசொரப்பு இருப்பதை இப்போதுதான் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மாத்திரை என் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்தது. இருபது நாட்களாக அவருக்கு முன்கையிலும் வயிற்றிலும் சிறு சிறு சிவந்த பருக்கள் வந்து, இரவில் அதிகமாக அரிக்கிறது. புதுப்புடவை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தோம். பகலெல்லாம் மணி அம்மாவின் கட்டிலில்தான், அவர் கைமேல் தலை வைத்துப் படுத்திருக்கும்.

நாமக்கல் கால்நடை மாணவி | இரவு 11.58

அண்ணா, மணியின் காது மடலின் விளிம்பை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறியும் அசைவு வருகிறதா என்று சொல்லுங்கள். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

பாளைவாசி | நள்ளிரவு 12.04

தேய்த்தவுடனே கால் ஆடத் தொடங்கிவிட்டது. இரண்டு காதுகளிலும் அப்படியே.

நாமக்கல் கால்நடை மாணவி | நள்ளிரவு 12.16

அப்படியானால் இது ஒவ்வாமை இல்லாமல், சார்காப்டிஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைக் குடைவதால் வரும் சொறியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது காது விளிம்பு, முழங்கை, கணுக்கால், வயிறு ஆகிய முடி குறைந்த இடங்களை விரும்பும். நாயோடு நெருங்கியிருப்பவரின் தோலிலும் ஏறி, தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் பருக்களை உண்டாக்கும். மனித உடம்பில் அது நிலைத்துப் பெருகாது என்பதால், நாய்க்கு மருத்துவம் செய்தால் மனிதருக்கும் பெரும்பாலும் அடங்கிவிடும். நாய்க்குச் செய்யாதவரை அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அம்மாவைத் தோல் மருத்துவரிடம் காட்டும்போது, வீட்டில் சொறிகிற நாய் இருக்கிறது என்பதை மறவாமல் சொல்லுங்கள். மருத்துவர்கள் கேட்காவிட்டால் நாமும் சொல்வதில்லை.

தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூச்சி தென்படாவிட்டாலும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் அது சிக்காமல் போய்விடும், ஆகவே அறிகுறிகளை வைத்தே மருந்து கொடுத்துப் பார்ப்பதும் வழக்கம். நாய்களுக்கு உண்ணியைக் கொல்லக் கொடுக்கும் புதுவகை மெல்லும் மாத்திரையே இதையும் கொல்லும். எவரேனும் ஐவர்மெக்டின் ஊசி வாங்கி நீங்களே போடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். கோலி (Collie) போன்ற நாய் இனங்களின் கலப்பு இருந்தால் அது மூளையைத் தாக்கும். கட்டில் விரிப்பையும் மணியின் சாக்கையும் கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள்.

நாளை மறுநாள் வரை தள்ள வேண்டாம். ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில்தான்.

மூத்த வளர்ப்பாளர் | நள்ளிரவு 12.29

மாணவி சொல்வது சரியாகப் படுகிறது. நான் எடையைக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, மாத்திரை யாருக்காக வாங்கியது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆனாலும் அந்த எடை இப்போதும் தேவை, ஏனெனில் மெல்லும் மாத்திரையும் எடைக்கு ஏற்பத்தான் வாங்க வேண்டும்.

கம்பம் விவசாயி | காலை 5.40

தம்பி, இரவு எப்படிக் கழிந்தது? மணி தூங்கியதா?

லாப்ரடார் வீடு | காலை 8.15

எங்கள் நாய்க்குப் போன ஆண்டு காது விளிம்பில்தான் முடி கொட்டியது என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அதன் காதையும் தேய்த்துப் பார்க்கிறேன்.

பாளைவாசி | மூன்று நாட்களுக்குப் பிறகு, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. மறுநாள் காலையிலேயே அழைத்துப் போனோம். தோலை மூன்று இடங்களில் சுரண்டினார்கள். முதல் இரண்டில் ஒன்றும் இல்லை, காது விளிம்பில் எடுத்ததில் பூச்சி இருந்தது. எடை 16 கிலோ 400 கிராம். மெல்லும் மாத்திரை கொடுத்து, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அம்மாவையும் காட்டினோம். நேற்றிரவு மணி இரண்டு மணிவரைதான் சொறிந்தது, அதன் பிறகு தூங்கிவிட்டது.

நாமக்கல் கால்நடை மாணவி | இரவு 9.05

மிகுந்த மகிழ்ச்சி அண்ணா. முதல் சில நாட்கள் அரிப்பு நீடிக்கும், அஞ்ச வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மணி வெளியே போகும்போது தெருவில் எந்த நாய்களோடு சேர்ந்து விளையாடுகிறது? அவற்றுக்கும் காதோரம் முடி கொட்டியிருக்கிறதா? அவற்றைக் கவனிக்காவிட்டால் இது மணிக்குத் திரும்பவும் வந்துவிடும்.

கம்பம் விவசாயி | மறுநாள், காலை 6.10

தம்பியிடமிருந்து பதில் வரவில்லை. தெரு நாய்க்கு அந்த மெல்லும் மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுக்கலாமா, எடையை எப்படி மதிப்பிடுவது என்று மருந்தாளுநர் ஐயாவோ மாணவியோ சொன்னால், எங்கள் ஊர்ச் சந்தைப்பக்கம் இருக்கும் இரண்டு நாய்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.