பிசினஸ் கோச்சிங் அடுத்த மாதம் ஆரம்பம், ரெண்டு விஷயத்தில் உதவி வேணும்

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை, 22 பேர். முதலாளிக்கு 6 மாதக் கோச்சிங். 15 நாளுக்கு ஒரு தடவை, 60 நிமிடம். கோச் ஐசிஎஃப் (சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு) தரும் பிசிசி சான்றிதழ் வாங்கியவர். அதற்கே 500 மணி நேர அனுபவம் வேண்டும் என்பதால் அந்தக் கவலை இல்லை.

தயாராக இருப்பவை: 12 மாத லாப நஷ்டக் கணக்கு, 30-60-90 நாள் பாக்கிப் பட்டியல், முதலாளியின் ரெண்டு வார நேரத்தை அரை மணிக்கு ஒரு வரியாக எழுதிய நோட்டு. அதில் "லாரிக்காரருக்கு போன்" மட்டும் 19 தடவை! இலக்கு, "வசூல் 75 நாளிலிருந்து 50 நாளுக்கு வரணும்". "விற்பனை கூடணும்" என்று மொட்டையாகப் போனால் முதல் ரெண்டு அமர்வு அதைப் பிரித்துப் பேசவே போய்விடும்.

சந்தேகம் இதுதான். ஊழியர் 8 பேரிடம் முதலாளியைப் பற்றி எழுத்தில் கருத்து கேட்கிறார் கோச். ஆபீஸில் இருப்பதே ரெண்டு பேர். ஒரு பிரிவில் 3 பேருக்குக் குறைந்தால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும், கையெழுத்தே காட்டிக்கொடுக்கும். அப்புறம் எல்லாத் தாளிலும் "சார் நல்லவர்"தான் வரும். கோச்சே போனில் பேசி, ஆபீஸையும் ஷாப் ஃப்ளோரையும் சேர்த்துத் தொகுத்தால் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.

ரெண்டாவது, ஃபீஸ் கட்டுவது பங்குதாரரான அண்ணன். அவருக்கு இலக்கும் வருகையும் மட்டும் போகணும், பேசியது போகக்கூடாது. ஒப்பந்தத்தில் இதை எப்படி எழுதினீங்க? அந்த வரியை அப்படியே போட்டால் நல்லது.

("கோச் எதுக்கு, கன்சல்டன்ட் வைங்க" என்ற பதில் வேண்டாமே, ப்ளீஸ்.)