சிறிய அணு உலை: யூனிட் விலை கட்டுப்படியாகுமா?

கந்தவேள்:
2025 பட்ஜெட்டில் சிறிய அணு உலை ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2033க்குள் குறைந்தது ஐந்து உலைகள் ஓட வேண்டும் என்பது இலக்கு. நான் எதிர்க்கிறேன். கதிர்வீச்சு பயம் இல்லை, விலைதான் காரணம். அமெரிக்காவின் ஐடஹோவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் 77 மெகாவாட் உலைகள் ஆறு வருவதாக இருந்தது. ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 58 டாலர் என்றவர்கள், கட்டத் தொடங்கும் முன்பே 89 டாலர் என்றார்கள். அதுவும் அரசு மானியம் போக. மின்சாரம் வாங்கப் போதுமான ஊர்கள் முன்வரவில்லை. 2023 நவம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

வடகரையான்:
சரி, நிலக்கரிக்கு நாங்கள் கொடுக்கும் விலையை யார் கணக்கில் எழுதுவது? அனல்மின் நிலையத்திலிருந்து எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர். காற்று இந்தப் பக்கம் திரும்பினால், மாடியில் காயும் வேட்டியை உதறும்போது சாம்பல் பறக்கும். அம்மா வடாம் போடுவதையே நிறுத்திவிட்டார். சோலார் இருக்கிறதே என்பீர்கள். ராத்திரி எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வெயிலுக்கு எங்கே போவது? பழைய அனல் நிலையத்தை மூடும் இடத்தில் மின்பாதை, தண்ணீர் எல்லாம் தயாராக இருக்கின்றன. அங்கே 200 மெகாவாட் உலை வைக்கலாம்.

கந்தவேள்:
அம்மா வடாம் போட முடியாதது பெரிய கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் உலை ஐந்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் செலவும் அப்படிச் சிறுக்காது. கட்டுப்பாட்டு அறை, காவல், உரிமம் எல்லாம் 1,000 மெகாவாட்டுக்கும் வேண்டும், 200க்கும் வேண்டும். ஒரே அச்சில் நிறைய செய்தால்தான் விலை இறங்கும். அதுவரை வாங்குபவர் தலையில்தான் விழும்.

பாலாற்றுப் பொறியாளர்:
ஒரே அச்சில் நாம் ஏற்கெனவே செய்திருக்கிறோமே! கல்பாக்கம், நரோரா, காக்ரபார், கைகா, ராவத்பாட்டா எல்லா இடத்திலும் கனநீர் உலைகள்தான், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீரில் ஓடுபவை. 220 மெகாவாட் நமக்குக் கைவந்த வேலை. ஐடஹோவில் கட்டப்படாத உலையை வைத்து இதை எடை போடாதீர்கள்.

கந்தவேள்:
அதே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) கட்டுமானம் 2004இல் தொடங்கியது. எரிபொருள் இருக்கும் மையத்தை நிரப்ப ஆரம்பித்ததே 2024 மார்ச்சில். இருபது வருட வட்டியை யார் கட்டுவது?

பாலாற்றுப் பொறியாளர்:
அது சோடியத்தில் குளிரும் புது வகை. கனநீர் உலையோடு சேர்த்துப் பேசக்கூடாது.

வடகரையான்:
அப்புறம் என்ன, மூடப்போகும் ஒரு அனல் நிலையத்தில் ஒரே ஒரு கனநீர் உலை வைக்கட்டும். யூனிட் விலை கட்டுப்படியாகாவிட்டால் நானும் உங்களோடு நின்று எதிர்க்கிறேன்.

கந்தவேள்:
கட்டி முடித்த பிறகு இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே விலையை வெளியிட வேண்டும். அதற்கு நீங்கள் சரி என்றால், அந்த ஒரு உலைக்கு நானும் சரி.