ரோம் கோட்டை உச்சியில் மிக்கேல் சம்மனசு: வாளை உருவுகிறாரா, உறையில் போடுகிறாரா?

தூத்துக்குடி ஜோ
ரோமுக்குப் போன மச்சான், சான்தாஞ்செலோ கோட்டை உச்சியில் இருக்கும் வெண்கலச் சிலையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். எங்கள் பக்கத்துக் கோயில்களில் மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) என்றால் காலடியில் சாத்தான் கிடப்பான், வாள் ஓங்கியிருக்கும். இங்கே சாத்தானையே காணோம். வாளும் உறையுமாக நிற்கிறார். சண்டைக்குக் கிளம்புகிறாரா, முடித்துவிட்டாரா? வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது.

பழங்கல்
முடித்துவிட்டார், உறையில் போடுகிறார். ஆனால் சிலையை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. உருவும் கையும் போடும் கையும் சிற்பத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், கதைதான் திசை காட்டும்.

589 கடைசியில் டைபர் ஆற்றில் வெள்ளம், பின்னாலேயே கொள்ளைநோய். 590 தொடக்கத்தில் பாப்பரசர் இரண்டாம் பெலாஜியுஸையே அது கொண்டுபோனது. அடுத்து வந்த பெரிய கிரகோரியார் மக்களை ஏழு கூட்டமாகப் பிரித்து மன்றாட்டுப் பவனி நடத்தினார். அப்போது ஹாட்ரியன் பேரரசரின் கல்லறை மேல் மிக்கேல் தோன்றி, இரத்தம் படிந்த வாளைத் துடைத்து உறையில் போட்டாராம். நோயும் நின்றதாம். ஆமாம், அந்தக் கோட்டை முதலில் கல்லறைதான். 139இல் கட்டி முடித்தது.

சந்தேகப்பேர்வழி
பவனி நடந்தது உண்மை, சம்மனசு அப்புறம் வந்து சேர்ந்தவர். அதே காலத்தில் வாழ்ந்த பிரான்சின் தூர் நகர ஆயர் கிரகோரி (பெயர்தான் ஒன்று, ஆள் வேறு) இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய தியாக்கோன் (ஆயருக்கு உதவும் திருப்பணியாளர்) அப்போது ரோமில் இருந்தார். மக்கள் மன்றாடிக்கொண்டு போகும்போதே ஒரு மணி நேரத்தில் 80 பேர் விழுந்து செத்தார்கள் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. வாளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வாள் கதையை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது 13ஆம் நூற்றாண்டுப் புனிதர் கதைத் தொகுப்பு ஒன்று.

தூத்துக்குடி ஜோ
ஓ! மச்சான் நாளைக்கும் அங்கேதான் இருப்பான். உள்ளே போனால் பார்க்க ஏதாவது உண்டா, கீழே நின்று பார்த்தால் போதுமா?

பழங்கல்
சந்தேகப்பேர்வழி சொல்வது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போகச் சொல்லுங்கள். மேலே நிற்பது பிளெமிஷ் சிற்பி வெர்ஷாஃபெல்ட் 1753இல் செய்தது. அதற்கு முன்னாலும் அங்கே சம்மனசுச் சிலைகள் உண்டு. 1497இல் வெடிமருந்துக் கிடங்கில் இடி விழுந்து ஒருவர் சிதறிப்போனார். 1544இல் சிற்பி மொன்தெலூப்போ பளிங்கில் வடித்தவர், வெண்கல இறக்கைகளோடு இப்போது உள்முற்றத்தில் இருக்கிறார். எனக்கென்னவோ அவரைத்தான் பிடிக்கும், பக்கத்தில் போய் முகம் பார்க்கலாம்.

அப்புறம் மொட்டைமாடியில் சிலைக்குப் பக்கத்திலேயே ஒரு மணி தொங்கும், 'இரக்கத்தின் மணி' என்று பெயர். கோட்டை பாப்பரசர்களின் சிறையாக இருந்த காலத்தில் மரண தண்டனை என்றால் அதைத்தான் அடிப்பார்கள். வாளை உறையில் போட்டவரின் காலடியில் அதைக் கொண்டுபோய் வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ!