'டிஃபர்': வேறுபடு, மாறுபடு, மாறுகொள்

நண்பர்களே,

மென்பொருள் தமிழாக்கத்தில், ஆங்கில 'டிஃபர்' (differ) எங்கு வந்தாலும் 'முரண்படு' என்றே போட்டுவிடலாம் என்ற யோசனை எனக்கு ஒட்டவில்லை. இரண்டு கோப்புகளை ஒப்பிடும் 'டிஃப்' கட்டளையைப் பாருங்கள். ஒரு காற்புள்ளி கூடக்குறைய இருந்தாலே இரண்டும் 'டிஃபர்' என்று சொல்லிவிடும். அதைப் போய் 'கோப்புகள் முரண்படுகின்றன' என்று எழுதினால், உள்ளே என்ன சண்டையோ என்று திறந்து பார்ப்பார்கள். ஒன்று சரியென்றால் மற்றது தவறாக வேண்டும்; அப்போதுதான் முரண். இங்கே 'வேறுபடுகின்றன' போதும்.

சிக்கல் ஆட்கள் விஷயத்தில்தான். குழுவில் ஒருவர், 'இந்த முடிவில் என் கருத்து வேறு' என்று பதிவுசெய்ய ஒரு பொத்தான் வேண்டும். 'மாறுபடு' என்றால் 'அளவு மாறுபடும்' என்பதுபோல நிலையில்லாத ஒன்று என்ற வாடை வருகிறது. 'கருத்து வேறுபாடு' இன்னும் மோசம். இருவருக்குள் அது என்றாலே பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம்!

என் பரிந்துரை 'மாறுகொள்'. நான் புதிதாகச் செய்ததில்லை. நன்னூல் எழுவகை மதத்தை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கைகளை, அடுக்கும்போது 'உடன்படல் மறுத்தல்' என்று தொடங்கி, 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே' என்றும் சொல்கிறது. இருவர் மாறுகொண்ட பொருளில் ஒரு பக்கத்தைத் துணிவது. மறுத்தல் வேறு, மாறுகோள் வேறு என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பிரித்து வைத்திருக்கிறார் பவணந்தி. நமக்கு வேண்டியதும் அந்தப் பிரிவுதான்.

'படு' பெரும்பாலும் தானாக நேர்வதைச் சொல்லும். 'கொள்' ஒருவர் தாமே மேற்கொள்வதை. கோப்பு வேறுபடுகிறது, உறுப்பினர் மாறுகொள்கிறார். 'உடன்படு' மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான், அடங்காது. அதற்காக ஊன்றிப்போன சொல்லை அசைக்க வேண்டாம்.

'ஒவ்வு' (பொருந்து) என்பதன் எதிர்மறையையும் யோசித்தேன். 'சிறப்பொவ்வா' என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் 'ஒவ்வாமை'யை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பொத்தானில் அதைப் போட்டால் தும்மல்தான் நினைவுக்கு வரும்.

'ஐ பெக் டு டிஃபர்' என்பதற்குக் கலைச்சொல்லே வேண்டாம். 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்றுதானே நாம் சொல்கிறோம்? கெஞ்சவெல்லாம் வேண்டியதில்லை.

பொத்தானில் 'மாறுகொள்கிறேன்', பட்டியலில் 'மாறுகொண்டோர்: 2' என்று போட்டுப் பார்த்தேன். இடத்துக்குள் அடங்குகிறது. கண்ணுக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.