காம்போசிட்டுக்கு ‘நார்ச்சாந்து’ என்று வைக்கலாமா?

வணக்கம். நாரை ரெசின் என்ற பிசினில் பதித்து இறுகவைத்துச் செய்யும் பொருளைத்தான் காம்போசிட் என்கிறோம். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும்போது வந்த ஒரு பதில் இது:

> கலப்புப் பொருள் என்றே இருக்கட்டும், பழகிவிட்டது.

பழகியதுதான், ஆனால் பொருந்தவில்லையே. பாலில் தண்ணீர் கலந்தால் எது பால் எது தண்ணீர் என்று தெரியாது. காம்போசிட்டிலோ நார் கடைசிவரை நாராகவே உள்ளே கிடக்கிறது, இழுவையை அது தாங்குகிறது, சுற்றி இறுகிய ரெசின் அதை நகரவிடாமல் பிடித்து ஒரு நாரிலிருந்து அடுத்ததற்குச் சுமையைக் கடத்துகிறது. நாரைச் சுற்றிப் பிடிக்கும் அந்த ரெசினுக்கு மேட்ரிக்ஸ் என்று பெயர், அதற்கு ‘அணி’ என்பதும் கணக்குப் பாடத்திலிருந்து தூக்கி வந்தது, இங்கே ஒட்டாது.

குடியாத்தம் பக்கம் எங்கள் பாட்டி வீடு மண்சுவர், ஏரிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்தது. ஒரு மழையில் மூலை சரிந்தபோது உடைந்த இடமெல்லாம் துரும்பு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது, எதிர்ப்பக்கத்து மண்ணில் அந்தந்தத் துரும்பு இருந்த துளை. எபாக்சி என்ற ரெசினில் வாழைநார் போட்டுச் செய்த தகடு உடைந்தாலும் நுண்ணோக்கியில் இதே காட்சிதான். நார் அறுபடாமல் உருவிக்கொண்டு வந்தால் பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம். அதனால் இப்படி நார் உருவி வரும் புல்-அவுட்டுக்கு (pull-out) ‘உருவல்’.

பிடிப்பு ஏன் போதவில்லை? வேலூர் மார்க்கெட்டில் பூக்கட்டுகிற அம்மாக்களைப் பாருங்கள், நாரை நனைத்து நனைத்துத்தான் முடிச்சுப் போடுவார்கள், காய்ந்தால் முறிந்துவிடும். அவ்வளவு தண்ணீர் குடிக்கும் நார், தண்ணீரே ஆகாத ரெசினுக்குள் இருந்தால் ஈரத்தில் உப்பி, காய்கையில் சுருங்கி, நடுவில் இடைவெளி விழுந்துவிடும். அதற்காகத்தான் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து மெழுகையும் நார் செல்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினில் ஒரு பகுதியையும் போக்கி, கழுவிக் காயவைத்துப் போடுகிறார்கள்.

சரி, பெயர். மேட்ரிக்ஸ் ‘சாந்து’, முழுப்பொருள் ‘நார்ச்சாந்து’. சாந்து என்றால் பொட்டும் கொத்தனார் வேலையும்தானே நினைவுக்கு வருகிறது என்று கேட்பீர்கள். குழைவாக இருந்து இறுகிப் பற்றிக்கொள்வது எல்லாமே சாந்துதான், ரெசினும் அதையேதான் செய்கிறது. நாருக்குப் பதில் கண்ணாடி இழை போட்டதானால் ‘இழைச்சாந்து’, அது நூற்பதுபோல் இழுத்தது. குலை வெட்டியபின் வரப்போரம் அழுகவிடும் வாழையிலிருந்து உரித்தெடுப்பதை நார் என்றுதான் ஊரில் சொல்கிறோம். எடையிலும் இரண்டும் வேறு, கண்ணாடி இழை கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராமை ஒட்டி வரும், வாழைநார் 1.5-ஐத் தாண்டாது. ‘கரும்புச்சக்கை நார்ச்சாந்துப் பலகை’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கேயும் தடுக்கவில்லை.

நாரும் சாந்தும் தொடுகிற பரப்புக்குத்தான் இன்னும் திருப்தி இல்லை. ‘இடைமுகம்’ கணினிக்குப் போய்விட்டது. ‘பற்றுமுகம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.