படிப்பாளிப் பெண், ஐஸ் ஹாக்கி கேப்டன்: உங்களை விடாத காட்சி எது?

இரவுப்பூனை:
ஐஸ் ஹாக்கி காதல் நாவல், கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அவள் முதல் பெஞ்ச், அவன் ஹாக்கி கேப்டன், ஒரு பாடத்தில் கோட்டை விட்டால் சீசன் முழுக்க ஆட முடியாது, அதனால் அவள் சொல்லிக்கொடுக்க வருகிறாள். இதே சட்டகத்தில் எத்தனையோ படித்தாகிவிட்டது. ஆனால் நேற்று ராத்திரி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் ஆட்டத்தில் ரெண்டு பேரைச் சுவரோடு சுவராக இடித்துவிட்டு வந்தவன், நூலக மேசையில் ஒரு பத்தியை உதடு அசைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அவள் ஒன்றும் பேசாமல் வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக நகர்த்துகிறாள். அவ்வளவுதான், முத்தம்கூடக் கிடையாது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிற ஒருவனுக்கு நானும் பாடம் சொல்லிக்கொடுத்தேன், அவன் திக்கித் திக்கிப் படித்தபோது சிரித்துவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சட்டென்று வந்துவிட்டது. அடுத்த வாரம் அவன் வரவில்லை.

ஓரத்துசீட்:
எனக்குப் பெனால்டி பாக்ஸ் காட்சி. ரெண்டு நிமிடத் தண்டனை, கண்ணாடிக்குப் பின்னால் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறான், அரங்கமே கத்துகிறது, அவள் மட்டும் மடியில் நோட்டை வைத்துப் பரீட்சைக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்து அவன் சிரிக்கிறான். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒருவனுடைய ஆட்டத்துக்குப் போனேன். இருபது இருபது நிமிடமாக மூன்று பீரியட், பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எங்கே ஓடுகிறது என்று கடைசிவரை என் கண்ணில் படவில்லை, பக்கத்தில் இருப்பவர் கத்தினால் நானும் கத்துவது என்று முடிவு செய்து, எதிரணி போட்ட கோலுக்கு எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். நாவலில் வருகிறவன் மாதிரி சிரிக்கவில்லை.

நீலக்கோடு:
ரெண்டு பேரும் ரொம்ப உருகுகிறீர்கள். என் அனுபவம் சின்னது: தங்கை கொடுத்த ஒன்றில் மூன்றாம் அத்தியாயத்திலேயே நாயகன் குத்து வாங்கி உதடு கிழிந்து நிற்கிறான், மூடி வைத்துவிட்டேன். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில், அதாவது என்சிஏஏவில், முகம் முழுக்க மறைக்கும் கூண்டோ கண்ணாடியோ போட்டே ஆக வேண்டும், உதடு எப்படிக் கிழியும்? கைகலப்பில் இறங்கினால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், அடுத்த ஆட்டமும் போச்சு. இவனோ அடிதடியும் செய்துவிட்டு அதே ராத்திரி வெற்றி கோலும் போடுகிறான். சண்டை போட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து திரும்பி வருவதெல்லாம் என்எச்எல் என்கிற தொழில்முறை லீகில். பூனைக்கு ஒரு யோசனை, இனி வாங்கும் முன் முதல் ஆட்டக் காட்சியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதைக்கூடச் சொல்லாமல் ஒருத்தனே இருபது நிமிடமும் ஓடினால் வைத்துவிடுங்கள். அப்புறம் அவன் ஓர் அத்தியாயம், அவள் ஓர் அத்தியாயம் என்று மாறி மாறிப் போகும் அல்லவா, பெயரை மறைத்துப் படித்தால் யார் பேசுவது என்று தெரிய வேண்டும். பாதிப் புத்தகத்தில் ரெண்டும் ஒரே குரல், இதில் எதிரெதிர் துருவம் எங்கே இருக்கிறது? அவளுக்குப் பிடிக்காத ஒன்றை அவன் கடைசிவரை விடாமல் இருக்கிறானா என்றும் பாருங்கள். எபிலாக்கில், அதாவது கடைசியில் வரும் பின்கதையில், எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அது ஏமாற்று வேலை.

ஓரத்துசீட்:
கூண்டு போட்டால் அவன் முகம் அவளுக்கு எப்படித் தெரியும் சார்? முகம் தெரியாமல் முந்நூறு பக்கம் யார் படிப்பது? சரி, அதை விடுங்கள். பூனை, அந்தப் பையனை அப்புறம் எங்கேயாவது பார்த்தீர்களா?

இரவுப்பூனை:
ஒரு தடவை, கேன்டீன் வரிசையில். எனக்கு முன்னால் நின்றான், பலகையில் எழுதியிருந்ததைப் பார்க்காமல் முன்னால் போனவன் கேட்டதையே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அப்போது எனக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. நீலக்கோடு சொன்னதையும் சரிபார்த்தேன், என் புத்தகத்திலும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் உதடு கிழிகிறது. மீதி எண்பது பக்கம் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை.