கிராக் போட்ட கணினியும் கல்யாண வீடியோவும்: உங்கள் அனுபவம் என்ன?

திருவாரூர், கணினி சர்வீஸ்:

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் அவசியம் படிக்க வேண்டும். 2020 தை மாதம், குடவாசல் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எடிட்டிங் மென்பொருளே திருட்டுப் பதிப்பு. அதில் சேர்க்க ஒரு டைட்டில் பிளகினையும் (எழுத்து போடும் துணை மென்பொருள்) கிராக்காக, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு நகலாக, இறக்கியிருக்கிறார். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று போட்டிருந்ததாம், அப்படியே செய்துவிட்டார். விடிந்து பார்த்தால் ஒரு கிளிப்பும் திறக்கவில்லை. ஃபைல் பெயர்களின் வாலில் கேள்விப்படாத நாலெழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490.

அது ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். பெரும்பாலும் கிராக் வழியாகவே பரவியது. எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. ஆனால் 2019 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வந்த வகைகளில் பெரும்பாலும் பலிக்காது. இவருக்கு வந்தது புது வகை. பேக்கப் டிஸ்க்கும் கணினியிலேயே செருகியிருந்ததால் அதையும் விடவில்லை.

ஒரே ஒரு வழிதான் கைகொடுத்தது. இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். பல ஜிபி வீடியோவில் அது துளி. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் ரிப்பேர் கருவிகள் பல எம்பி4 ஃபைல்களை எழுப்பிவிடும். மாப்பிள்ளை அழைப்பு வந்தது, தாலி கட்டும் வந்தது. போட்டோக்கள் பெரும்பாலும் தேறவில்லை. பெண்ணின் அப்பா என் கடைக்கே வந்து நின்றார். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரலாம், அந்த முகூர்த்தத்தைத் தர முடியுமா?

மயிலாடுதுறை:

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்பவருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

கும்பகோணம், எடிட்டர்:

அண்ணே, பயலுகள் கிராக் போடுவதற்குக் காரணம் பணம்தான். எடிட்டிங் மென்பொருள் விற்கும் அடோபி 2013இல் சந்தாவுக்கு மாறியது. ஆடியிலும் மார்கழியிலும் நமக்குக் கல்யாணம் கிடையாது. சந்தா மட்டும் ஓடும். டெல்டாவில் தொழில் செய்கிறவனுக்கு அது ஒத்துவராது. அதனால் நான் டாவின்சி ரிசால்வ் என்ற வேறொரு எடிட்டிங் மென்பொருள் பக்கம் போனேன். இலவசப் பதிப்பே 4கே அல்ட்ரா எச்டி வரை தரும், வாட்டர்மார்க் வராது. 'ஸ்டுடியோ' என்ற கட்டணப் பதிப்புக்கு மட்டும் சேர்ந்த எஃபெக்டைப் போட்டால்தான் வரும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளிபுள்ளியாக விழுமே, அதைச் சுத்தம் செய்யும் வசதி இலவசத்தில் இல்லை. அதற்காகவே ஸ்டுடியோ வாங்கினேன். அமெரிக்க விலை 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும், இரண்டு கணினியில் போடலாம். ரிசால்வ் செய்யும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் பாக்கெட் சினிமா கேமரா புதிதாக வாங்கினால் பெட்டியிலேயே ஸ்டுடியோ லைசென்ஸ் வரும், அதைத் தவறவிடாதீர்கள்.

குடவாசல்காரர் இன்னும் தொழிலில் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். ரிசால்வ் நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம்.